சூடானால் முரண்டு பிடிக்கும் மோரிஸ்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

பர்மாவில் தண்ணீர்த் திருவிழா நெருங்கினாலே எனக்கு வரும் கடிதங்களில் வெயில் வாசனை அடிக்கும். இந்த முறையும் அப்படித்தான். பழைய வண்டி, சூடான இன்ஜின், நட்ட நடு வழி. நான்கு கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்குத்தான் பதில் நீளம். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதில் சொல்வது உங்களுக்கும் உதவும்.

கேள்வி: சயாவுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 1966ஆம் வருடத்து மோரிஸ் மைனர், 1098 சி.சி. அப்பா வாங்கிய வண்டி. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும். மாந்தளையிலிருந்து மேமியோவுக்கு ஏறும்போதுதான் வம்பு. 21 மைல் என்ற இடத்தில் டீ குடிக்க நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் கழித்து செல்ஃப் அடித்தால், சுற்றுகிறதே தவிர பிடிப்பதில்லை. சோக்கை இழுத்தும் பார்த்தேன், ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்தும் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடுகிறது. ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றச் சொன்னார்கள், இன்னொன்றில் ப்ளக்குக்குப் பொறி தரும் காயிலை. எதை மாற்றுவது?
ஓய்வுபெற்ற ஆசிரியர், மாந்தளை

பதில்: வணக்கம் ஐயா. பர்மாவில் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் சயா, பட்டறைக்காரனும் சயா. உங்களைப் போன்றவர்கள் என்னை அப்படி அழைக்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இப்போதைக்கு இரண்டையும் மாற்றாதீர்கள். அந்த இரண்டு பட்டறைக்காரர்களும் உங்கள் வண்டியை ஆறிப்போன நிலையில்தான் பார்த்திருப்பார்கள். காய்ச்சல் அடிக்கும்போது வீட்டில் படுத்திருந்துவிட்டு, விட்ட பிறகு வைத்தியரிடம் போய் நாடி பார்க்கச் சொன்ன கதைதான். ஆறின இன்ஜினில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். பிறகு எதையாவது மாற்றச் சொல்ல வேண்டுமே, சொல்கிறார்கள். சூட்டில் வரும் கோளாறைச் சூட்டிலேயே பிடிக்க வேண்டும்.

இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டது. ரங்கூன் பொட்டட்டாங்கில் அப்பாவின் பட்டறையில் நான் தொழில் பழகிய நாளில் ஒரு ஹில்மன் வந்தது. இதே புகார். காயிலை மாற்றினேன். பத்து நாளில் திரும்பி வந்தது. பம்பை மாற்றினேன். மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஏறு தம்பி" என்றார். ஏறினேன். உச்சி வெயிலில் பெகு வரைக்கும் ஐம்பது மைல் ஓட்டினார். ஒரு டீக்கடை வாசலில் நிறுத்தி எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்ததும் செல்ஃப் அடித்தார். பிடிக்கவில்லை. "இப்போது பார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார். பார்த்தேன். கண்டன்சர். பொறிக்குத் துணை செய்யும் சின்ன மின் பாகம். அதன் விலை நாங்கள் குடித்த இரண்டு டீயின் விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். காயிலுக்கும் பம்புக்கும் அவர் கொடுத்த காசை அப்பா என் கூலியில் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

சரி, உங்கள் மோரிஸுக்கு வருவோம். நீங்கள் நிறுத்தும் அந்தக் கால் மணி நேரம்தான் இன்ஜினுக்குப் பொல்லாத நேரம். ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபேன் காற்றடிக்கிறது, தண்ணீர் சுற்றுகிறது, டாங்கிலிருந்து குளிர்ந்த பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது. சாவியை அணைத்ததும் இவை மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுவிடுகின்றன. ஆனால் இரும்பில் ஏறிய சூடு எங்கே போகும்? மேலே போகும். மோரிஸில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே போகும் குழாயும் இன்ஜினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. காற்றோடு பெட்ரோலைக் கலந்து விடும் எஸ்.யு. கார்புரேட்டர் கிட்டத்தட்ட அந்தப் புகைக் குழாயான சைலென்சர் மேனிஃபோல்டின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் கொள்ளிச் சூட்டில் பால் பொங்குமே, அதே கதைதான்.

தண்ணீர் போல பெட்ரோலுக்கு ஒரே கொதிநிலை கிடையாது. அதில் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும், கனமானவை 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். ஏப்ரலில் மாந்தளை வெயிலே 40ஐத் தொடுகிறது. போதாக்குறைக்கு நீங்கள் மலை ஏறுகிறீர்கள். மேமியோ கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட எட்டில் ஒரு பங்கு போலக் குறைவு. அழுத்தம் குறைந்தால் எதுவும் சீக்கிரம் கொதிக்கும்.

கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் கொதித்தால் ஜெட் என்ற சிறு துளை வழியாகப் பொங்கி, காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டுக்குள் வழியும். அந்த நேரத்தில் இன்ஜினுக்குள் பெட்ரோல் அதிகம். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அறையே காலியாகிவிடும். அப்போது பெட்ரோல் இல்லை. ஒரே சூடு, ஒரே வண்டி, பத்து நிமிட இடைவெளியில் நேர் எதிரான இரண்டு நோய். ஒரு பட்டறைக்காரர் ஒன்று சொல்ல இன்னொருவர் வேறு சொல்வதில் ஆச்சரியம் என்ன?

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த முறை 21 மைலில் வண்டி பிடிக்காதபோது எரிச்சல்படாதீர்கள், அதுதான் நல்ல சமயம். செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் போட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள். மோரிஸில் பம்பு மின்சாரத்தில் ஓடுவது, பானெட்டுக்குள் பின்சுவரில் இருக்கிறது. 'டக், டக், டக்' என்று நாலைந்து முறை அடித்து, வேகம் குறைந்து, நின்றால் அறை காலியாகியிருந்தது, இப்போது நிரம்பிவிட்டது. ஓயாமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் பம்பு பெட்ரோலை அல்ல, ஆவியைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. பாரம் இல்லாத வண்டிக்காரன் மாட்டை விரட்டுவது மாதிரி இருக்கும் அந்தச் சத்தம். ஒரு அடி கூட இல்லை என்றால் இரண்டு அர்த்தம்: அறை ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, அல்லது பம்பின் பாயிண்ட், அதாவது மின்சாரத்தைத் தொட்டு விடும் முனை, ஒட்டிக்கொண்டது. ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் பம்பின் உடம்பில் மெதுவாக ஒரு தட்டு தட்டுங்கள். உடனே அடிக்கத் தொடங்கினால் பம்பின் மேல்தான் சந்தேகம்.

அதற்குப் பிறகு ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காலை எடுக்காமல், ஏழெட்டு நொடி செல்ஃப் அடியுங்கள். சோக்கைத் தொடக் கூடாது. சோக்கை இழுத்தால் எஸ்.யு. கார்புரேட்டரில் ஜெட் கீழே இறங்கி இன்னும் அதிகப் பெட்ரோல் விடும். பொங்கி வழிந்த இன்ஜினுக்கு நீங்கள் செய்தது, மூழ்குகிறவன் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியது. மிதித்து மிதித்துப் பார்த்ததில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இந்த வகைக் கார்புரேட்டரில் மிதிக்க மிதிக்கப் பெட்ரோல் பீய்ச்சும் பம்பு கிடையாது. (வெபர், சோலெக்ஸ் கார்புரேட்டர் வைத்திருப்பவர்கள் மிதித்தால் மட்டும் நன்றாகவே மூழ்கடிப்பீர்கள்.) முழுக்கத் திறந்து பிடிப்பது காற்றை நிறைய உள்ளே விட்டு ஈரத்தை வெளியேற்றத்தான். தத்தித் தடுமாறிப் பிடித்து, பின்னால் கறுப்புப் புகை குப்பென்று வந்தால் விடை கிடைத்துவிட்டது: அதிகப் பெட்ரோல்.

அப்படியும் பிடிக்கவில்லையா, ஒரு ப்ளக்கைக் கழற்றுங்கள். சுடும், துணி வைத்துக்கொள்ளுங்கள். முனை நனைந்து பெட்ரோல் வாடை அடிக்கிறதா, வறண்டு கிடக்கிறதா? அடுத்தது பொறி. ப்ளக் இருந்த துளையைத் துணியால் மூடிவிட்டு, ப்ளக்கை வயரில் மாட்டி, துளையிலிருந்து தள்ளி இன்ஜினின் இரும்பில் படும்படி ரப்பர் பிடியுள்ள கொறடால் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள் பத்தடி தள்ளி நிற்கட்டும். நீலமாக, 'சட் சட்' என்று சத்தத்தோடு பாய்ந்தால் நல்ல பொறி. நூல் மாதிரி மஞ்சளாக, வரலாமா வேண்டாமா என்று யோசித்து வந்தால் கண்டன்சரையும் காயிலையும் பார்க்க வேண்டும். ப்ளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியைக் கழற்றிச் செல்ஃப் அடிக்கும்போது பாயிண்டுகளுக்கு இடையே பொறி பளிச் பளிச்சென்று தாராளமாகப் பறந்தால் அது கண்டன்சர். அன்று பெகு டீக்கடை வாசலில் நான் பார்த்தது அதைத்தான்.

காயிலைத் தொட்டுப் பார்த்து, சுடுகிறது, அதனால் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்பவர்களை நம்பாதீர்கள். நல்ல காயிலும் சுடும். ஒன்றை மட்டும் பாருங்கள்: உங்கள் வண்டிக்கு 3 ஓம் அளவுள்ள 12 வோல்ட் காயில் வேண்டும். யாராவது ரெசிஸ்டரோடு சேர்த்துப் போட வேண்டிய ஒன்றரை ஓம் காயிலை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டியிருந்தால் அது ஓட்டத்தில் வெந்துவிடும். மீட்டர் வைத்து அளக்க ஒரு நிமிடம் ஆகாது.

கையில் மீட்டரும் இல்லை, கொறடும் இல்லை, வேட்டியும் துண்டும்தான் இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. துண்டை நனைத்துப் பிழிந்து பம்பின் மேல் மட்டும் போட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து செல்ஃப் அடியுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஃப்ளோட் அறை மேல். அப்புறம் காயில் மேல். எல்லாவற்றின் மேலும் ஒரே நேரத்தில் ஊற்றினால் வண்டி கிளம்பும், ஆனால் நீங்கள் ஒன்றும் தெரிந்துகொள்ள மாட்டீர்கள். மேனிஃபோல்டின் மேல் மட்டும் பச்சைத் தண்ணீர் படக் கூடாது, வார்ப்பிரும்பு வெடித்துவிடும். 21 மைலில் சில டிரைவர்கள் குழாயைத் திருப்பி இன்ஜின் முழுக்க அபிஷேகம் செய்கிறார்கள். அதைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள்.

என் ஊகம் என்னவென்றால், உங்கள் வண்டியில் கார்புரேட்டர்தான் பொங்குகிறது. மூன்று காரியம் பாருங்கள். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே தடித்த கட்டை ஒன்றும், கூடவே வெப்பம் தடுக்கும் தகடும் இருக்க வேண்டும். பிரித்து மாட்டிய யாரோ தகட்டை 'இது எதற்கு' என்று தூக்கிப்போட்டிருக்கலாம், நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, ஃப்ளோட் மட்டம். மூடியைக் கவிழ்த்துப் பிடித்தால் ஃப்ளோட்டுக்கும் மூடிக்கும் இடையே 1/8 முதல் 3/16 அங்குலம் இருக்க வேண்டும். மட்டம் அதிகமாக இருந்தால் பொங்க அதிக நேரம் பிடிக்காது. மூன்றாவது டைமிங். பொறி தாமதமாக விழுந்தால் நெருப்பு சைலென்சர் குழாயில் போய் எரியும், மேனிஃபோல்டு தேவைக்கு மேல் சுடும். இது பலர் கண்ணில் படாத காரணம்.

அதுவரை, மலையேறி வந்து நிறுத்தும்போது உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள், அணைத்ததும் பானெட்டைத் தூக்கி வையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். இன்னொன்று, ஐயா: 1970இல் நாட்டையே வலது பக்கம் ஓட்டச் சொல்லிவிட்டார்கள், உங்கள் மோரிஸின் ஸ்டியரிங்கோ இன்னும் வலது பக்கம். அந்த மலைப்பாதையில் லாரியை முந்தும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் எதிரே வருவதைச் சொல்ல வேண்டும். பேரனை அழைத்துக்கொண்டு போங்கள், துணி நனைக்கவும் ஆள் ஆச்சு.

கேள்வி: அண்ணே, என்னிடம் ஒரு பழைய வில்லிஸ் ஜீப் இருக்கிறது. தாஸியிலிருந்து கலோ ஏறும்போது ஓடிக்கொண்டிருக்கையிலேயே இருமி இருமி நின்றுவிடுகிறது. அரை மணி ஆறினால் ஓடும். துணி காயப்போடும் மரக் கிளிப்பை பெட்ரோல் குழாயில் வரிசையாக மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் சித்தப்பா. உண்மையா?
கலோ வாசகர்

பதில்: தம்பி, சித்தப்பா சொல்வதை நேராக மறுத்தால் வீட்டில் சண்டை வரும், அதனால் மெதுவாகச் சொல்கிறேன். கிளிப் மாட்டிய ஜீப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு சாண் நீளக் குழாயில் பத்துக் கிளிப் மாட்டினால் எவ்வளவு சூட்டைத் தடுத்துவிட முடியும்? மாட்டி முடிக்க ஆகும் நேரத்தில் இன்ஜின் தானே ஆறிவிடுகிறது. பெயர் கிளிப்புக்குப் போய்விடுகிறது.

உங்கள் கோளாறு மாந்தளை ஐயாவுடையது இல்லை. அவருக்கு நின்ற பிறகு பொங்குகிறது, உங்களுக்கு ஓடும்போதே குழாயில் ஆவி அடைக்கிறது. பட்டறைகளில் இதையும் 'ஏர் லாக்' என்றுதான் சொல்வோம். ஜீப்பில் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில், பம்பு இன்ஜினின் உடம்பில். அந்தப் பம்பு அங்கிருந்து உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்த இடத்தில் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகிறது. மலையேற்றத்தில் முதல் கியரில் இன்ஜின் கத்துகிறது, ஜீப்போ மாட்டுவண்டி வேகத்தில் போகிறது. காற்று எங்கிருந்து வரும்?

டாங்கிலிருந்து பம்பு வரைக்கும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போங்கள், இன்ஜின் ஆறின பிறகு. சைலென்சரை எங்காவது உரசிக்கொண்டு போகிறதா? போனால் மூன்று விரற்கடை தள்ளிக் கட்டுங்கள். ரப்பர் துண்டுகளை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு விட்ட ரப்பர் வெளியே ஒரு சொட்டுக்கூட கசியாது, ஆனால் உள்ளே காற்றை இழுக்கும். அதுதான் ஏமாற்று. டாங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள், 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் துளையில் மண். இதெல்லாம் சரியாக இருந்தால் மேனிஃபோல்டில் எடையும் ஸ்பிரிங்கும் உள்ள ஒரு வால்வு இருக்கும், குளிர் நேரத்தில் புகைச் சூட்டைக் கார்புரேட்டர் பக்கம் திருப்பிவிடுவது. அது துருப்பிடித்துச் சூட்டுப் பக்கமே மாட்டிக்கொண்டிருந்தால் கோடை முழுக்க உங்கள் கார்புரேட்டர் அடுப்பில்தான். மண்ணெண்ணெய் விட்டு அசைத்து அசைத்து விடுவித்துவிடுங்கள்.

பாட்டில் பெட்ரோல் வாங்குகிறீர்களா? வழியோரம் வெயிலில் அடுக்கி வைத்த பாட்டிலில் என்ன கலந்திருக்கிறது என்று யார் கண்டார்? ஒரு டாங்க் முழுக்க நல்ல பெட்ரோல் பங்கில் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு ஸ்பேனரை எடுங்கள்.

கேள்வி: என் ஆஸ்டின் ஏ40 சூடானால் செல்ஃப் மெதுவாக முனகுகிறது. புது பேட்டரி போட்டேன், செல்ஃப் மோட்டாரைக் கழற்றிச் சரிபார்த்தேன், மாற்றம் இல்லை. ஒரு விசித்திரம்: நாலைந்து முறை செல்ஃப் அடித்தால் சோக் கேபிள் கையைச் சுடுகிறது.
தட்டோன் வாசகி

பதில்: அம்மா, கடைசி வரியை முதலில் எழுதியிருந்தால் பேட்டரி காசு மிச்சமாகியிருக்கும். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் இடையே பின்னிய செம்புப் பட்டை ஒன்று மின்சாரம் போய்வர எர்த்தாக இருக்கும். உங்கள் வண்டியில் அது அறுந்திருக்கிறது, அல்லது முனையில் களிம்பு பிடித்திருக்கிறது. செல்ஃப் மோட்டாருக்கு வேண்டிய அத்தனை மின்சாரமும் வேறு வழி தேடிச் சோக் கேபிள் வழியாகப் போகிறது. மெலிந்த கேபிள், சுடாமல் என்ன செய்யும்? ஆறின இன்ஜினை எப்படியோ சுற்றிவிடுகிறது. சூட்டில் மோட்டாரின் உள்ளிருக்கும் செம்புக்கும் தடை கூடுவதால் இருக்கிற கொஞ்ச பலமும் போய்விடுகிறது.

சந்தேகமாக இருந்தால் வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் கம்பத்திலும் மறு முனையை இன்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நான் சொன்னதுதான். புதுப் பட்டை போடும்போது இரண்டு முனையிலும் பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கவிட்டு முடுக்குங்கள். சுடும் சோக் கேபிளை இனிப் பிடிக்காதீர்கள், அதன் உள்கம்பி உருகி ஒட்டிக்கொண்டால் அதையும் மாற்ற வேண்டி வரும்.

கேள்வி: காய்கறி ஏற்றும் டொயோட்டா பப்ளிகா பிக்கப். மத்தியானத்துக்கு மேல் தள்ளினால்தான் கிளம்புகிறது. கார்புரேட்டர், பொறி இரண்டும் பார்த்தாயிற்று. வண்டியை விற்றுவிடலாமா?
ரங்கூன் வாசகர்

பதில்: 2011இல் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புது இறக்குமதிக்கு அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தபோது எத்தனையோ பப்ளிகாக்கள் இரும்புக்கடைக்குப் போயின. உங்களுடையது தப்பிப் பிழைத்திருக்கிறது. இப்போது போய் விற்கிறேன் என்கிறீர்களே.

பழைய பப்ளிகாவில் இருப்பது தண்ணீர் இல்லாமல் காற்றில் ஆறும் இரட்டை சிலிண்டர் இன்ஜின். சிலிண்டரைச் சுற்றியுள்ள இறக்கைகளில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அடை மாதிரி அப்பியிருக்கும், மண்ணெண்ணெய்யும் பிரஷ்ஷும் வைத்துச் சுரண்டி எடுங்கள். பிறகு வால்வு இடைவெளி. ஆறின நிலையில் சரியான அளவுக்கு வைக்காமல் இறுக்கி வைத்திருந்தால், சூட்டில் வால்வு முழுக்க மூடாமல் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம், கசிந்துவிடும். காலையில் ஒரு முறை, மத்தியானம் சூட்டோடு ஒரு முறை கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இன்ஜினைச் சுற்றி இருக்க வேண்டிய தகர உறைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். சலசலவென்று சத்தம் போடுகிறது என்று பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். ஃபேன் அடிக்கும் காற்றைச் சிலிண்டருக்குக் கொண்டுபோவதே அந்தத் தகரம்தான். அசல் கிடைக்காவிட்டால் வேறொரு பப்ளிகாக்காரரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, அட்டையில் அதன் உருவத்தை வெட்டிக்கொள்ளுங்கள். வாளி செய்கிற தகரக்காரர் சாயங்காலத்துக்குள் அடித்துக் கொடுத்துவிடுவார்.